ஒன்பதாவது பலகை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பாலத்தின் ஒன்பதாவது பலகை சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ நலமா? ஆஸ்பத்திரித் துணி துவைத்துத் துவைத்து விரல் வெடித்திருந்ததே, ஆறியதா? இங்கே அம்மாவும் நானும் சுகம்.

காலையில் தச்சுப் பட்டறைக்குப் போகும்போது வாய்க்கால் பாலத்தின் இருபத்திரண்டு பலகைகளையும் மிதித்துத்தான் போகிறேன். ஒவ்வொன்றும் ‘டொக்’ என்று பதில் சொல்லும். நேற்று ஒன்பதாவது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஈரச் சாக்கை மிதித்த மாதிரி இருந்தது. பட்டறையில் என் முதல் வேலையே, வந்து இறங்கும் பலகைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துப் பிரித்து அடுக்குவது. நல்ல மரம் பேசும். உளுத்த மரம் வாயைத் திறக்காது. “வாயே திறக்காததை நம்பாத” என்பார் பட்டறைக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே.

அம்மா தினமும் இரண்டு வேளை பால் கேன்களோடு அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் பால் நிலையத்துக்குப் போகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். கீழே ஒன்றரை ஆள் ஆழம். தண்ணீர் குறைவு, கல் அதிகம்.

ஊரில் இன்னொரு செய்தி. நம் தெருவில் ‘கைகொடுப்போர் குழு’ என்று ஒன்று முளைத்திருக்கிறது. தலைவர் ரைட் மாமா. கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆனாலும், பேச்சை ‘ரைட்’ என்று முடித்தால்தான் அவருக்கு அடுத்த மூச்சு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குத் தொண்டாம். முதல் ஞாயிறு பஸ் நிறுத்தத்தைப் பெருக்கப் போனார்கள். அங்கே குப்பை இல்லை. அதனால் முதலில் டீ குடித்தார்கள். பிறகு அந்தக் காகிதக் கப்புகளைப் பெருக்கினார்கள். பதினேழு பேர், எல்லோர் கையிலும் புது உறை. வேலை முடிந்து கிளம்பும்போதும் உறை புதிதாகவே இருந்தது.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உன் தங்கை


மார்ச் 14

காகிதத்தில் மட்டும் வாயாடும் என் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். விரல் ஆறிவிட்டது, இப்போது முழங்கை பிடித்துக்கொண்டிருக்கிறது. உன் கடிதத்தைச் சலவைத் தொட்டிப் பக்கத்திலேயே படித்துச் சிரித்தேன். மேற்பார்வைக்காரம்மா எட்டிப் பார்த்து, “லெட்டர்ல யாரு, மாப்பிள்ளையா?” என்றார். “இல்லம்மா, ஒரு பாலம்” என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

ஆனால் பலகை விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை. அந்தக் குழுவிடம் சொல்லிவிடு. பதினேழு பேர் வேலை கிடைக்காமல் தங்கள் கப்பையே பெருக்குகிறார்கள், உன்னிடம் ஒரு வேலை சும்மா கிடக்கிறது. “ஒன்பதாவது பலகை உளுத்திருக்கு, மாத்துங்க.” நாலே வார்த்தை. கண்ணாடி முன்னால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போ.

அம்மாவைக் கேன் தூக்கும்போது மெதுவாக நடக்கச் சொல். நீயும் உடம்பைக் கவனி.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா? நாங்கள் சுகம்.

நாலு வார்த்தையையும் கண்ணாடி முன்னால் சொன்னேன். கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் தையல் அத்தை வீட்டு முன்னறையில். தையல் மெஷின் இரண்டையும் சுவரோரம் தள்ளி, வெட்டுத் துணியை மூலையில் குவித்து, கடன் வாங்கிய நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ‘ஒன்ப’ வரைக்கும் தொண்டைக்கு வந்துவிட்டது.

“யாருடி அது கதவோட கதவா? அட, நம்ம ஊமைக்கோட்டான்! வாடி உள்ள” என்றார் தையல் அத்தை. பதினேழு தலைகளும் திரும்பின. நான் வாயைத் திறந்தேன்.

“பாவம், பசிக்குது போல. பன் எடுத்துக்கோ. வெட்கப்படாத, ரெண்டா எடுத்துக்கோ.”

இரண்டு பன்களோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, “எவ்வளவு நல்ல மனுஷங்க பாரு” என்றாள்.

வருவதற்கு முன் கதவோரம் நின்று கேட்டது இது: அடுத்த தொண்டு பாலத்துக்குத்தான். வீட்டுக்கு ஒரு பலகையைத் தத்தெடுத்து, அவரவர் விருப்பப்படி வண்ணம் அடிக்க வேண்டும். “வீட்டுக்கொரு பலகை, ஆளுக்கொரு கலர், ரைட்!” வீடுகள் பத்தொன்பது. மிச்சம் மூன்று பலகை உன்னைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்காம். எந்தப் பலகை யாருக்கு என்பதில் ஒரு மணி நேரம் சண்டை. ஃபோட்டோவில் நடுப்பலகைகள்தான் நன்றாகத் தெரியுமாம். கடைசியில் சீட்டுப் போட்டார்கள். ஒன்பதாவது தையல் அத்தைக்கு விழுந்தது. அவருக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

இந்த வாரம் முழுக்க மழை. பலகையெல்லாம் ஊறிக் கிடக்கிறது. “ஈரத்தோட பெயின்ட் அடிச்சா மரம் உள்ளுக்குள்ளேயே வெந்து போயிடும்” என்று பட்டறைக்காரர் சொன்னார். அவர்களிடம் போய்ச் சொல்வாரா என்று பார்த்தேன். இழைப்புளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

நேரத்துக்குத் தூங்கு.

உன் தங்கை


ஏப்ரல் 10

அன்புத் தங்கைக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முழங்கை மடங்குகிறது. பன்னுக்கு என் வாழ்த்துகள்.

உனக்கு வாய் வரவில்லை என்றால் அம்மாவைச் சொல்லச் சொல். அவள் வாய் திறந்தால் பால் நிலையமே வாய் மூடும். ஆமாம், அம்மா அந்தக் குழுவில் இருக்கிறாளா? பதினேழு பேரையும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாய், அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லையே. அடுத்த கடிதத்தை இரண்டு வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

எல்லோரும் சுகம்தானே?

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பட்டறையில் வேலை அதிகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் சுகம்.

ஆமாம், அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். முதல் நாளிலிருந்தே. எழுத வெட்கமாக இருந்தது. நம் பலகை மூன்றாவது, நீல நிறம். அடிக்கும்போது அம்மா பாடினாள், அக்கா. ரைட் மாமா தாளம் போட்டார். நான் எதிர்க்கரையில் நின்று ஊருக்குத் தெரியாதவள் மாதிரி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது பலகை பற்றி அம்மாவிடம் சொன்னேன். “உனக்கு எல்லாரையும் பார்த்தா இளக்காரம்டி. அவங்க சிரிச்சுக்கிட்டாவது வந்து நிக்கிறாங்க. நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுக் குறை கண்டுபிடிக்கிற” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

பாலம் இப்போது சின்னப் பிள்ளையின் பென்சில் டப்பா மாதிரி இருக்கிறது. ஒரு பலகையில் பூசணிக்காய். ஒன்றில் பஸ், அது யாருடையது என்று உனக்கே தெரியும். தையல் அத்தையுடையது ரோஸ் நிறம், நடுவில் ஊசியும் நூலும். மற்றவர்கள் ஒரு பூச்சு அடித்தால் அவர் மூன்று.

அம்மா சுகம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காய் நறுக்குகிறாள், உட்கார்ந்தபடியே எல்லோரையும் அதிகாரம் செய்கிறாள். பால் கேன்களைக் குழுவினர் முறைவைத்துக் கொண்டுபோகிறார்கள். காலையில் ரைட் மாமா, மாலையில் தையல் அத்தை. மதியம் யார் வீட்டிலிருந்தாவது சூப் வருகிறது. நாங்கள் ருசி பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை போகமாட்டார்கள். ஒன்பதாவது பலகைமேல் ஒரு மிதியடி போட்டிருக்கிறார்கள், வழுக்காமல் இருப்பதற்காக. அதில் ‘நல்வரவு’ என்று எழுதியிருக்கிறது.

கவலைப்படாதே.

உன் தங்கை


மே 17

தங்கைக்கு,

நான் சுகம். அம்மாவின் காலுக்கு என்ன ஆயிற்று?

இருபது வருடமாக உட்காராதவள் ஒரே பத்தியில் இரண்டு தடவை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஊரே வந்து கேன் தூக்குகிறது. பலகைமேல் மிதியடி. நான் துணி துவைக்கிறவள்தான், மூளையைச் சேர்த்துத் துவைத்துவிடவில்லை. உள்ளதை உள்ளபடி எழுது.

உனக்காகக் காத்திருந்து பயனில்லை என்று ரைட் மாமாவுக்கே நேராக எழுதிவிட்டேன். அந்தப் பலகையை உடனே மாற்றுங்கள் என்று, மரியாதையாக, பெரிய எழுத்தில்.

அக்கா


மே 26

அன்பு மகளுக்கு,

ரைட் மாமாவின் ஆசிகள். இங்கு சகலரும் சௌக்கியம், உன் சௌக்கியத்தையும் விரும்புகிறோம்.

உன் கடிதம் கண்டு குழுவே பூரித்துப்போனது. எங்கோ இருந்து அழுக்குத் துணி துவைக்கும்போதும் ஊர்ப் பாலத்தை மறக்காத உள்ளம்! கூட்டத்தில் நானே உரக்க வாசித்தேன். ‘அந்தப் பலகையை உடனே மாற்றுங்கள்’ என்ற இடத்தில் என் குரல் தழுதழுத்துவிட்டது. இரண்டு நிமிடம் கைதட்டினோம். கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பஸ் நிறுத்தத்தில் மாட்டியிருக்கிறோம்.

அம்மாவுக்குக் கணுக்கால் வீக்கம் வற்றிவருகிறது. பெயின்ட் காயாததால் வழுக்கிவிட்டது, வேறொன்றும் இல்லை. மிதியடி போட்டுவிட்டோம். பலகையைப் பொறுத்தவரை, அது தையல் அத்தையுடையது. மூன்று பூச்சு அடித்திருக்கிறார். அவர் மனம் நோகும்படி எதுவும் செய்வதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டோம்.

ஜூன் 15 ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் குடும்பத்தோடு அவரவர் பலகையில் நின்று ஃபோட்டோ எடுக்கிறோம். உனக்கும் ஒரு பிரதி வரும். ரைட்.

இப்படிக்கு,
தலைவர், கைகொடுப்போர் குழு


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

“அவளுக்கு லீவு கிடைக்காது, அங்க உட்கார்ந்து அழுதுக்கிட்டிருப்பா, எழுதாத” என்று அம்மாதான் சொன்னாள். அதனால்தான் மறைத்தேன். மே 1 அன்று காலை, முழுக் கேனோடு போகும்போது பலகையின் ஓரம் நொறுங்கி அம்மாவின் கால் உள்ளே இறங்கிப் பிசகிவிட்டது. குதிகாலில் ரோஸ் பெயின்ட் ஒட்டியிருந்தது. உடனே எல்லோரும் ‘பெயின்ட் வழுக்கிவிட்டது’ என்று முடிவு கட்டினார்கள். நான் அவள் காலைக் கழுவினேன். விரலிடுக்கில் மரத்தூள் இருந்தது, டீயில் ஊறிய ரொட்டி மாதிரி. அதை யாரும் பார்க்கவில்லை. நான் காட்டவும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துக் கைதட்டினார்களாம். கைகொடுப்பது என்றால் இவர்களுக்கு அதுதான். மறுநாளே தையல் அத்தை ஒரு கையில் சூப் பாத்திரமும் மறு கையில் கைக்குட்டையுமாக வந்துவிட்டார். “என் பலகைமேல உன் பொண்ணுங்களுக்கு என்ன காண்டு? எத்தனை ஆசையா ஊசியும் நூலும் வரைஞ்சேன்!” என்று அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் டீ போட்டேன். டீயைக் குடித்து முடித்து, மூக்கைச் சிந்தி, நம் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதபடியே அதே பலகைமேல் நடந்து போனார்.

அக்கா, இந்த மாதிரி ஆட்களை என்னதான் செய்வது? திட்டலாம் என்றால் நம் கேனைச் சுமக்கிறார்கள். மெச்சலாம் என்றால் அறிவு இல்லை. அவர் அக்கரை சேரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்புறம் போய் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். மழை நின்று மூன்று வாரம் ஆகியும் அதன் அடியில் ஈரம் காயவில்லை. ஓர் ஆணியைப் பலகையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். முழுதாக இறங்கிவிட்டது. பதினைந்தாம் தேதி தையல் அத்தை ஒரு பேத்தியை இடுப்பிலும் இன்னொருத்தியைக் கையிலும் பிடித்துக்கொண்டு அதன்மேல் நிற்கப்போகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூன் 7

தங்கைக்கு,

சுகம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. அம்மாவிடம், எனக்கு எல்லாம் தெரியும், அழவில்லை என்று சொல். அதில் இரண்டாவது மட்டும் பொய்.

அவர்களை நினைத்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் ஒன்று. அவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அந்தப் பலகை உடைந்தால், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் அந்த ஊரில் நீ ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று உரக்கச் சொல்ல முடியாமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே தொண்ணூறு நாள் ஆப்சென்ட் ஆனவள் நீ. அப்போது உனக்குக் காய்ச்சல் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னேன். பலகைக்குக் காய்ச்சல் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னாலும் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள்.

வாய் வராவிட்டால் போகட்டும். கை இருக்கிறதே.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் இடம் இருக்காது. நேரத்துக்குச் சாப்பிடு, முழங்கையைக் கவனி, அம்மா இப்போது நடக்கிறாள், உன் தங்கை. இங்கே எல்லோரும் சுகம். தலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்று மாலை பட்டறையில் நன்றாகக் காய்ந்த பலகை ஒன்றைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கினேன். பாலத்தின் அளவுக்கு அறுத்தேன். பட்டறைக்காரரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டும். அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு ஆணி டப்பாவைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

இன்று விடிந்ததும் பலகையையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். விடியற்காலையில் கொஞ்சம் தூறியிருந்தது. ‘நல்வரவை’ச் சுருட்டி ஓரமாக வைத்தேன். ஆணிகள் ஒரு முனகல்கூட இல்லாமல் கையோடு வந்தன. கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் பலகை மூன்று துண்டாகப் பிரிந்தது. உள்ளே மரமே இல்லை, அக்கா, வெறும் சக்கை. மூன்று பூச்சுப் பெயின்ட்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

புதுப் பலகையைத் தூக்கும்போது விசில் சத்தம். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள், அலங்காரம் செய்வதற்காக ஏழு மணிக்கே புதுத் துணி உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். ரைட் மாமா பழைய கண்டக்டர் விசிலை ஊதி, கையை நீட்டி மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தினார். அம்மாவும் கம்பு ஊன்றியபடி அதில் இருந்தாள்.

“அடிப்பாவி! என் பலகை எங்கடி?” என்று தையல் அத்தை பாலத்தின் பாதிவரை ஓடிவந்தார். இடுப்பில் சின்னப் பேத்தி.

நாலு வார்த்தையும் தொண்டைவரை வந்து வழக்கம்போலத் திரும்பிப் போயின. நான் ஊசி வரைந்திருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இறுக்கிப் பிடித்தார். விரல்கள் உள்ளே போய்விட்டன. பழுப்புச் சக்கை அவர் புதுத் துணியில் கொட்டியது. பலகை இருந்த சந்து வழியாகக் கீழே கிடந்த கற்களைப் பார்த்தார். அப்புறம் இடுப்பில் இருந்த பேத்தியைப் பார்த்தார். அவளை இறுக்கி அணைத்துக்கொண்டு இரண்டு பலகை பின்னால் நகர்ந்தார்.

“அதான், ஒருமனதா தீர்மானம் போட்டோமே...” என்று ரைட் மாமா இழுத்தார். அம்மா கம்பால் தரையைத் தட்டி, “தீர்மானத்துமேல நீங்க போய் நில்லுங்க” என்றாள். அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் புதுப் பலகையை வைத்து, பக்கத்துக்கு இரண்டாக நாலு ஆணி அடித்து, ஏறி மிதித்தேன். டொக்.

உடனே கைதட்டினார்கள். வேறென்ன தெரியும்? “கைகொடுப்போர் குழுவின் துரித நடவடிக்கை, ரைட்!” என்றார் மாமா. யாரோ எனக்கு ஒரு பன் கொடுத்தார்கள். ஃபோட்டோக்காரர் கேமராவின் முக்காலியை விரித்தார். எல்லோரும் அவரவர் பலகையில் ஏறி நின்று தலை வாரிக்கொண்டார்கள். மூன்றாவதில் அம்மா.

தையல் அத்தையை மட்டும் காணவில்லை. வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அப்போது மூச்சு வாங்க ஓடிவந்தார். ஒரு கையில் ரோஸ் பெயின்ட் டப்பா, மறு கையில் பிரஷ்.

“புதுப் பலகை மூளியா நிக்குதுடி கண்ணு. ஒரே ஒரு பூச்சு, ஃபோட்டோவுக்குள்ள காஞ்சிடும். கொஞ்சம் நகரு.”

பலகைமேல் தூறல் துளிகள் அப்படியே நின்றன. அவர் டப்பாவைத் திறந்து, பிரஷை முக்கிக்கொண்டு குனிந்தார்.

நான் ஒன்பதாவது பலகையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.